வேலையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் யோசிக்க நினைப்பவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கத்து ஆலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், விடியுமுன் பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்வருகிறவர்கள், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தனியார் பள்ளி, நிதி நிறுவனம், மருத்துவமனை என்று பத்துப் பதினைந்து வருடம் நிற்காமல் ஓடியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விகள் இவை. வேலையை விடுங்கள் என்று யாரையும் இங்கே தூண்டவில்லை. விடுவது என்று முடிவாகிவிட்டால், கணக்கும் காகிதமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அவை சரியாக இல்லாவிட்டால் உடம்பு வீட்டில் இருக்கும், மனசு பேங்க் பேலன்ஸிலேயே கிடக்கும்.

வேலையை விட்டுவிடுவதா, நீண்ட லீவு போடுவதா?

முதலில் லீவு. ஆலைத் தொழிலாளிக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சேர்கிறது. எடுக்காத நாட்களை 30 வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். ஐந்தாறு வருடமாக லீவே எடுக்காதவர்களிடம் ஒரு மாத லீவு பெரும்பாலும் கையில் இருக்கும், அவர்களுக்கே தெரியாது. சம்பளச் சீட்டில் இஎல் (ஈட்டிய விடுப்பு) என்ற கட்டத்தைப் பாருங்கள், அல்லது டைம் ஆபீஸில் கேளுங்கள். அந்த நாட்களோடு சம்பளம் இல்லாத லீவு (லாஸ் ஆஃப் பே) ஒரு மாதம் சேர்த்துக் கேட்டால், ஆர்டர் குறைவாக இருக்கும் மாதங்களில் பல நிறுவனங்கள் தருகின்றன. நேர்ப்பேச்சில் கிடைத்த சம்மதத்தை நம்பிப் போகாதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, திரும்பினால் அதே பிரிவா, அந்த நாட்களுக்கு பிஎஃப் எப்படி என்பவை மெயிலில் வந்திருக்க வேண்டும்.

இரண்டு மாத லீவு முடியும்போதும் "திரும்பிப் போகவே கூடாது" என்று அதே அழுத்தத்தோடு தோன்றினால் அப்போது ராஜினாமா எழுதலாம். லீவு எடுத்தவர்களில் சிலருக்கு வேலையில் குறை இல்லை, இரவு ஷிஃப்டில்தான் குறை என்று தெரியவரும். அதற்குப் பிரிவை மாற்றிக் கேட்டாலே போதும்.

எப்போதும் அசதி, எதிலும் பிடிப்பில்லை. இது வேலையால்தானா?

ராஜினாமாவுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12 ஆகிய நான்கும் குறைந்தபட்சம். தைராய்டு குறைந்து கிடக்கும் ஒருவர் எந்த வேலையை விட்டாலும் களைப்பாகவே இருப்பார்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசி இல்லாமல், பிள்ளைகளிடம்கூடப் பேசப் பிடிக்காமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் தள்ளிப்போடாமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் நடந்தால், மருத்துவர் சான்று கொடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பிடித்தம் நடந்திருக்க வேண்டும். நோய்க்காலப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போது நிர்வாகம் உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. ஓசூரிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. உண்மையிலேயே உடம்பு முடியாமல் இருந்த ஒருவர் இதையெல்லாம் விட்டுவிட்டு ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிக்கொடுத்தால் மூன்று மாத வருமானத்தை அவரே இழக்கிறார்.

எவ்வளவு பணம் சேர்த்துவிட்டு நிற்கலாம்?

"ஆறு மாதச் சம்பளம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், செலவை வைத்துப் போடுங்கள். ஓசூரில் வாடகைக்கு இருக்கும் நான்கு பேர் குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாடகை 9,000. மளிகை, பால், காய், கேஸ் 11,000. பள்ளி வேன், ட்யூஷன் 5,000. பெட்ரோல் 2,500. கடன் தவணை 8,500. கரண்ட், போன், நெட் 2,000. ஊரில் அப்பா அம்மாவுக்கு 4,000. மருந்து, சில்லறைச் செலவு 3,000. மொத்தம் 45,000.

ஆறு மாதத்துக்கு 2,70,000. அதோடு வேலை தேடும் காலம் என்று இரண்டு மாதம் சேர்த்தே ஆக வேண்டும், அது 90,000. பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நான்காவது மாதம் சறுக்குவது அதனால்தான். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள் கணக்கில் ஏறவே இல்லை: ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், எல்ஐசி பிரீமியம், ஊர்த் திருவிழா, மொய். இதற்கு 60,000 வைத்தால் மொத்தம் 4,20,000. உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். இந்த மூன்று அடுக்கும் மட்டும் மாறாது.

போன வருடத்து பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே வரலாறு இரண்டையும் எடுத்து மூன்று மாதச் செலவைக் கையால் எழுதிக் கூட்டுங்கள். நினைவிலிருந்து போடும் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும்.

சேர்த்த பணத்தைச் செலவுக் கணக்கிலேயே வைக்காதீர்கள். வேறு கணக்கிலோ டெபாசிட்டிலோ வைத்து, மாதம் 1ஆம் தேதி 45,000 மட்டும் செலவுக் கணக்குக்கு வரும்படி போட்டுவிடுங்கள். உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் சம்பளம் அது. 25ஆம் தேதி கை காலியானால் அந்த மாதமே தெரிந்துவிடும்.

மொய்யை என்ன செய்வது? அதை நிறுத்த முடியாதே.

முடியாது. எனவே எழுதிவையுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தின் மொய் நோட்டைக் கீழே எடுங்கள். அடுத்த எட்டு மாதத்தில் யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று தெரிந்தவரை குறியுங்கள். அவர்கள் உங்களுக்கு எழுதிய தொகையைப் பக்கத்தில் போடுங்கள். தை, வைகாசி, ஆவணி மூன்றிலும்தான் கூட்டம் சேரும். கூட்டிப் பார்த்தால் பலருக்கு ஒரு மாத வாடகையைத் தாண்டும். தாய்மாமன் சீர் முறை வருகிறது என்றால் அது தனிக் கணக்கு. அந்த விசேஷம் முடிந்த பிறகு வேலையை விடுவது நல்லது.

எந்த மாதத்தில் நோட்டீஸ் கொடுப்பது லாபம்?

சேர்ந்த தேதியை முதலில் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடிந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து (அது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறைந்தால் அந்தப் பாதியை எடுத்து), அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்குவதுதான் கணக்கு. 18,000 ரூபாய், ஏழு ஆண்டு என்றால் 72,692 ரூபாய். ஆறு மாதத்தைத் தாண்டிய பின்னம் முழு ஆண்டாகிவிடும். ஏழு ஆண்டு ஏழு மாதம் என்றால் எட்டு. ஏழு ஆண்டு ஐந்து மாதத்தில் நிற்கிறவர் இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் பொறுத்தால் பத்தாயிரத்துக்கு மேல் கூடுகிறது.

நான்கு ஆண்டு 240 நாள் முடித்திருந்தாலே கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதை நம்பி முன்னதாகவே வெளியேறி, பிறகு மனுவோடு அலைவதைவிட ஐந்து ஆண்டை முடித்துவிட்டுப் போங்கள். நிம்மதிக்காகத்தானே விடுகிறீர்கள்.

போனஸைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவிக்கிடக்கிறது. தீபாவளிக்கு முன் விட்டால் போனஸ் போய்விடும் என்பது சரியல்ல. சட்டப்படி போனஸுக்குத் தகுதியுள்ளவர் அந்தக் கணக்கு ஆண்டில் 30 வேலை நாள் பார்த்திருந்தால், இடையில் விலகினாலும் அந்த நாட்களுக்கான போனஸ் அவருடையது. ஆனால் வெளியே போன பிறகு கேட்டு வாங்குவது சிரமம், அதை மறுக்க முடியாது. தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் இருந்து வாங்கிக்கொண்டு விடுங்கள்.

ராஜினாமா கடிதத்தில் என்ன எழுதுவது?

நான்கு வரி போதும்: "சொந்தக் காரணங்களுக்காக எனது பணியிலிருந்து விலக விரும்புகிறேன். நியமன ஆணைப்படி இன்றிலிருந்து 30 நாள் முன்னறிவிப்பு தருகிறேன். எனது கடைசி வேலை நாள் இன்ன தேதி. நிலுவைச் சம்பளம், விடுப்புப் பணம், கிராஜுவிட்டி ஆகியவற்றைக் கணக்கு முடித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

மேலாளர் மேல் உள்ள கோபம், பதவி உயர்வு கிடைக்காத வருத்தம் எதையும் இதில் எழுதாதீர்கள். மூன்று வருடம் கழித்து அடுத்த நிறுவனம் விசாரிக்கும்போது இந்தக் கடிதம் ஃபைலில்தான் இருக்கும். மெயிலில் அனுப்புங்கள். தாளாகக் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். நோட்டீஸ் நாட்கள் 30ஆ, 60ஆ, 90ஆ என்பது நியமன ஆணையில் இருக்கும். குறையும் நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். லீவு நாட்களை நோட்டீஸில் கழித்துக்கொள்வது அவர்கள் சம்மதித்தால் மட்டுமே நடக்கும்.

கடைசி நாளுக்குள் கையில் என்ன இருக்க வேண்டும்?

ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கணக்கு முடித்த விவரத்தாள், வருமான வரிக்கான படிவம் 16 எப்போது வரும் என்ற பதில். கம்பெனி மெயில் அன்று மாலையே மூடிவிடும். அதில் வந்த சம்பளச் சீட்டுகளை முந்தைய வாரமே இறக்கிவையுங்கள். யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) தளத்தில் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் இணைந்திருக்கின்றனவா, பெயரின் இனிஷியல் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். பெயர்த் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டால், வெளியே போன பிறகு அதற்காகக் கெஞ்ச வேண்டியிருக்கும். தந்தை பெயரை இனிஷியலாக வைப்பது நம் வழக்கம். ஒரு ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் விரிவாகவும் இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் மாட்டுவது இதில்தான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவரின் ஊதிய நிலுவையை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள். பழைய பழக்கத்தில் 45 நாள் என்று சொல்லும் இடங்களில் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். உங்கள் வரவுசெலவுக் கணக்கில் மட்டும் அந்தப் பணம் இரண்டு மாதம் கழித்து வரும் என்றே எழுதிவையுங்கள்.

பிஎஃப் பணத்தை எடுத்துச் சமாளிக்கலாமா?

முடிந்தவரை தொடாதீர்கள். எடுக்காமல் விட்டாலும் 58 வயது வரை வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான சேவைக்கு முன் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பழைய நிறுவனத்துக் கணக்கைப் புதியதோடு மாற்றிச் சேர்த்திருந்தால் அந்த வருடங்களும் ஐந்தில் அடங்கும்.

முன்பு வேலையிழந்து இரண்டு மாதத்தில் முழுப்பணமும் எடுக்கலாம் என்று இருந்தது. 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் வாரியம் எடுத்த முடிவின்படி 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், முழுக் கணக்கையும் முடிக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும், ஓய்வூதியப் பங்கை எடுக்க 36 மாதம். "ரெண்டு மாசத்துல பிஎஃப் வந்துடும்" என்று நண்பர் சொன்னதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து ஆண்டு சேவை வேண்டும். எட்டு, ஒன்பது ஆண்டில் நிற்பவர்கள் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துபோகும். அதற்குப் பதில் படிவம் 10சி மூலம் திட்டச் சான்றிதழ் வாங்கிவைத்தால், பிறகு சேரும் வேலையில் அந்த ஆண்டுகள் தொடரும். இன்னொன்றையும் மறக்காதீர்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஏழு லட்சம் வரையிலான பிஎஃப் காப்பீடு, நீங்கள் வேலையை விட்டதும் கைவிட்டுப் போகிறது. பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் டேர்ம் பாலிசியைச் சம்பளச் சீட்டு இருக்கும்போதே எடுங்கள். வேலையில்லாதவருக்கு வருமானச் சான்று கேட்டு இழுத்தடிப்பார்கள்.

மருத்துவக் காப்பீடு?

கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடியும். அன்று நள்ளிரவில் ஒரு விபத்து நடந்தால் அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுவதற்கு வழி உண்டு. அப்படி மாறினால் குழுவில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். விலகுவதற்கு ஒரு மாதம் முன்பே எச்ஆரிடம் கேட்டு விண்ணப்பியுங்கள். புதிதாக எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் கிடைக்காது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. ஊரில் தனிக் குடும்ப அட்டை வைத்திருக்கும் பெற்றோரின் அட்டையில் இது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் உங்களுக்கும் உண்டு. யூஏஎன் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது யூஏஎன் போட்டு, ஒருவருக்கே மூன்று எண் இருப்பதைச் சிப்காட் பக்கம் நிறையப் பார்க்கலாம். இந்த இடைவெளியில் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் விலகிய தேதியைப் பதியாமல் விட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே தளத்தில் பதியலாம்.

அரசு ஊழியர்?

ராஜினாமா என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ராஜினாமா செய்தால் கடந்த பணிக்காலமே பறிபோகும். ஈட்டிய விடுப்பு, சொந்த அலுவலுக்கான ஈட்டா விடுப்பு, ஊதியமில்லா விடுப்பு எல்லாம் இதற்காகத்தான் விதியில் இருக்கின்றன. அலுவலகக் கண்காணிப்பாளரிடம் உங்கள் விடுப்புக் கணக்கை எழுதி வாங்குங்கள்.

வீட்டுக் கடன், பைக் கடன் ஓடுகிறது.

ஓடட்டும். ஆறு மாதத் தவணையைத் தனியே எடுத்துவையுங்கள். 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன் என்று வங்கி எழுதிவிடும், சிபில் மதிப்பெண் (கடன் வரலாறு) கெடும், அடுத்த வேலைக்குப் பின்னணி விசாரணை நடக்கும்போது சில நிதி நிறுவனங்கள் அதையும் பார்க்கும். கையில் உள்ள பணத்தைப் போட்டு வீட்டுக் கடனைக் குறைத்துவிட்டு நிற்பது ஆபத்து. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. கிரெடிட் கார்டு பாக்கியும் கந்துவட்டியும் இருந்தால் அவற்றை அடைத்த பிறகுதான் இடைவெளியைப் பற்றிப் பேச வேண்டும். ஏலச்சீட்டு கட்டுகிறவர்கள், எடுத்த சீட்டா எடுக்காத சீட்டா என்று பார்த்து மீதித் தவணைகளையும் மேலே சொன்ன 45,000 கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிக் குறைந்தபட்ச இருப்புக் கேட்கலாம். தவணை அந்தக் கணக்கில் போகிறதா என்று பாருங்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

மனைவி அல்லது கணவரிடம் முதலில். கணக்குத் தாளோடு உட்காருங்கள், அதில் அவர்கள் திருத்தட்டும். ஊரில் பெரியவர்களிடம் "வேலையை விட்டுட்டேன்" என்று போனில் சொல்லாதீர்கள். நேரில் போய், எத்தனை மாதம், எந்தத் தேதியில் திரும்ப வேலை தேடத் தொடங்குவேன், அதுவரை உங்களுக்கு அனுப்பும் நாலாயிரம் நிற்காது என்ற மூன்றையும் சொல்லுங்கள். அப்பாக்களின் பயம் பெரும்பாலும் மூன்றாவதில் இல்லை. "பையன் ஏதோ பிரச்சினையில மாட்டிக்கிட்டான்" என்பதுதான் பயம். தேதி சொன்னால் அந்தப் பயம் பாதி குறையும். பக்கத்து வீட்டில் "என்னப்பா லீவா?" என்றால் "ஆமாங்க, ஆறு மாசம் லீவு" என்பதே உண்மையான பதில்.

முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

தூங்க வேண்டும். பெரிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது. சுழற்சி ஷிஃப்டில் இருந்தவருக்கு உடம்புக் கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். விடிகாலை ஐந்துக்குப் படுத்துப் பழகியவர் இரவு பத்துக்குத் தூங்கப் பழக ஒன்று இரண்டு வாரம் பிடிக்கும். எழும் நேரத்தை மட்டும் நிலையாக வையுங்கள், படுக்கும் நேரம் தானாக வந்து சேரும். எழுந்ததும் அரை மணி வெயிலில் நடங்கள். மதியம் இரண்டுக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு பதற்றம் வரும். ஷிஃப்ட் பஸ் ஹாரன் கேட்டால் திடுக்கிட்டு எழுவது, எல்லோரும் வேலைக்குப் போன தெருவில் பதினோரு மணிக்குத் தனியாக நிற்கக் கூச்சப்படுவது. அதை வைத்து "தப்புப் பண்ணிட்டோம்" என்று முடிவுகட்டி, கிடைத்த முதல் வேலையில் போய் விழுகிறவர்கள் நிறைய. பத்துப் பன்னிரண்டு நாளில் அது அடங்கும்.

ஊர் சுற்ற ஆசை இருந்தால் வார நாளில் போங்கள். ஒகேனக்கல்லில் செவ்வாய்க்கிழமை காலை வேறு இடம், ஞாயிற்றுக்கிழமை வேறு இடம். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் நிறுத்திவிடுவார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தீர்த்தமலை ஏறுவதற்கு மார்கழி, தை நல்லது.

வாழ்க்கையை மறுபடி யோசிப்பது என்றால் உட்கார்ந்து என்னதான் செய்வது?

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் மூன்று வரி: இன்று எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, எதை நினைத்து எரிச்சல் வந்தது, யாரோடு பேசினேன். 30 நாள் கழித்து ஒரே மூச்சில் படியுங்கள். திரும்பத் திரும்ப வருவதைச் சிவப்பில் கோடிடுங்கள். பழைய வேலையில் எதை வெறுத்தோம் என்று மொத்தமாகச் சொல்லாமல் பிரிக்கவும் இது உதவும்: வேலையா, நேரமா, தூரமா, மேலே இருந்த ஆளா, சம்பளமா? அத்திப்பள்ளி டோல்கேட் நெரிசலில் தினம் மூன்று மணி நேரம் இழந்தவருக்குத் தொழிலை மாற்ற வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும்.

இரண்டாம் மாதத்தில், மாற நினைக்கும் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் மூன்று பேரைப் பாருங்கள். ஜெயித்தவர் ஒருவர், நடுவாந்தரம் ஒருவர், விட்டுவிட்டு வந்தவர் ஒருவர். மூன்றாமவரிடம்தான் அதிகம் கற்றுக்கொள்ளலாம். பிறகு இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் அந்த வேலையில் கூட நில்லுங்கள். பேக்கரி வைக்க ஆசை என்றால் அதிகாலை மூன்று மணிக்கு மாவு பிசையும் இடத்தில் நின்று பாருங்கள்.

ஊருக்குப் போய் விவசாயம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பாருங்கள், ஆனால் முதல் வருடம் புதிய முதலீடு வேண்டாம். செட்டில்மெண்ட் பணத்தில் போர் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. நம் இரு மாவட்டமும் கடினப் பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்பில் மட்டும்தான் நிற்கும், வெடிப்பு எங்கே என்று மேலே நின்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் அடி தாண்டியும் வெறும் புகை வரும் போர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அடிக் கணக்கில் ஓட்டுபவருக்குத் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கூலி உண்டு. "இன்னும் நூறு அடி போனா வந்துடும்ணா" என்று வண்டி பக்கத்தில் நின்று சொல்லும்போது, அதுவரை போன பணத்தை நினைத்துச் சரி என்று தலையாட்டிவிடுவோம். ஆறு மாத வாழ்க்கைச் செலவு ஒரே இரவில் மண்ணுக்குள் போவது இப்படித்தான்.

பணம் திரும்பும் காலத்தையும் பாருங்கள். கேழ்வரகு ஆடியில் விதைத்தால் நான்கு மாதத்தில் கையில், வீட்டுக்குச் சாப்பாடு ஆகும், பெரிய வருமானம் ஆகாது. வெள்ளாடு சினை ஐந்து மாதம், குட்டி விற்கும் எடைக்கு வர இன்னும் ஆறேழு மாதம், ஆக ஒரு வருடம். ஒட்டு மாங்கன்று காய்க்க மூன்று நான்கு வருடம். ஏற்கெனவே மரம் இருந்தாலும், ஒரு வருடம் தள்ளி ஒரு வருடம் காய்ப்பு ஏறி இறங்கும் ரகங்கள் உண்டு. பெங்களூரா போன்ற கூழ் ரகத்துக்கு விலையை நிர்ணயிப்பது தோட்டம் அல்ல, கூழ் ஆலைகளின் தேவை. பட்டுப்புழு வளர்ப்பு மட்டும் ஒரு மாதத்துக்குள் கூடு தரும், ஆனால் மல்பெரி தயாராக ஆறு மாதம் போல ஆகும். தக்காளி ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் ஒரே மாதத்தில் ஏறும், கொட்டவும் வைக்கும். ஒரு பருவம் சித்தப்பாவின் தோட்டத்தில் கூட நின்று, மண்டிக்கு வண்டியில் போய், கமிஷன் கழித்த சீட்டை வாங்கிப் பாருங்கள். பிறகு யோசிக்கலாம்.

பிள்ளைகளோடு ஊருக்குக் குடிபெயர்கிறவர்கள் கவனிக்க: இந்த இரு மாவட்டத்திலும் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குப் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை விழுவது இதனால். கொதிக்கவைத்தால் போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பிடியுங்கள்.

திரும்ப வேலைக்குப் போகும்போது இந்த இடைவெளியை எப்படி விளக்குவது?

மறைக்காதீர்கள். தேதிகளை இழுத்து நீட்டி எழுதினால் பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். "பதினொரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தேன். சேமிப்பை வைத்துத் திட்டமிட்டு ஆறு மாதம் நிறுத்தினேன். இப்போது இந்த வேலைக்குத் தயாராக இருக்கிறேன், இந்த மாதம் முதல் சேர முடியும்." இவ்வளவுதான். சிஎன்சி, மெயின்டெனன்ஸ், தரக் கட்டுப்பாடு என்று கைத்திறன் சார்ந்த வேலைகளில் ஆறு மாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மெஷினில் நிற்கவைத்துப் பார்ப்பார்கள். ஐடியிலும் கணக்கு வேலைகளிலும் ஒரு வருடத்தைத் தாண்டினால் கேள்வி கூடும். நான்காவது மாத முடிவிலேயே பழைய சகாக்களுக்குப் போன் போடத் தொடங்குங்கள். கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போன பிறகு தேடினால் சம்பளம் பேச முடியாது, கொடுத்ததை வாங்க வேண்டிவரும்.

புதிய இடத்தில் சேரும் அன்று கவனிக்க வேண்டியது?

சேரும்போது கொடுக்கும் படிவம் 11இல் பழைய யூஏஎன் எண்ணை எழுதுங்கள். "முன்பு பிஎஃப் உறுப்பினரா?" என்ற இடத்தில் ஆம் என்று போடுங்கள். இல்லை என்று போட்டால் புது எண் உருவாகி, பத்து வருடச் சேவை இரண்டு துண்டாகிவிடும். முதல் சம்பளம் வந்த அடுத்த மாதம் பாஸ்புக்கைத் திறந்து, பங்களிப்பு அதே எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பழைய கணக்கை மாற்றக் கோரும் விண்ணப்பத்தை அன்றே போட்டுவிடுங்கள்.